தால் எரிமலைச் சாம்பலும் மூச்சும்: மணிலா நாட்குறிப்பு

ஜனவரி 13, 2020, திங்கள்

மணிலாவின் தென்பகுதியான லாஸ் பினியாஸில் உள்ள எங்கள் மாணவர் விடுதியின் மொட்டைமாடி முழுவதும், பிலிப்பைன்ஸில் மணிலாவுக்குத் தெற்கே ஓர் ஏரியின் நடுவில் இருக்கும், நேற்று வெடித்த தால் எரிமலையின் சாம்பல் படிந்திருக்கிறது. வகுப்புகள் இல்லை. கைப்பிடிச் சுவரில் இருந்ததை விரலால் தேய்த்துப் பார்த்தேன். அடுப்புச் சாம்பலின் மிருது அதில் இல்லை, நறநறவென்று உரசியது. பாறைக்குழம்பு ஏரி நீரைச் சந்தித்து வெடித்துச் சிதறியதில் உண்டான கல், கண்ணாடித் துகள்கள் அவை. நீரில் கரையாதவை. காண்டாக்ட் லென்ஸ் அணியும் அறைத்தோழியிடம், துகள் உள்ளே சிக்கினால் கருவிழியைக் கீறிவிடும் என்று சொல்லி, அதைக் கழற்ற வைத்தேன்.

ஜனவரி 15, புதன்

இன்று பொங்கல். மருந்துக் கடைகளில் என்95 முகக்கவசம் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில் விலை பன்மடங்கு. கதவை அடைத்து வீட்டுக்குள் இருப்பவர்கள் கட்டுக்கட்டாக வாங்கி வைத்திருக்க, தெருவைப் பெருக்குகிறவர்களும் டிரைசிக்கிள் (பக்கப்பெட்டி பொருத்திய மோட்டார் சைக்கிள்) ஓட்டுநர்களும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. துணியை நனைத்துக் கட்டினால் நன்றாக வடிகட்டும் என்று பலர் நம்புகிறார்கள். நனைப்பதால் வடிகட்டும் திறன் கூடுவதில்லை. முகத்தோடு இறுகப் பொருந்தாவிட்டால் நல்ல கவசத்தாலும் பயன் குறைவு. குழந்தைகளின் முகத்துக்கு அவை பொருந்துவதில்லை என்பதால், அவர்களை வீட்டுக்குள் வைத்திருப்பதே பாதுகாப்பு.

ஜனவரி 17, வெள்ளி

ஆய்வகத்தில் சாம்பலை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தோம். கூரிய விளிம்புகள், சில துகள்களில் வாயுக்குமிழி உடைந்த வளைவு தெளிவாகத் தெரிந்தது. பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, எரிச்சல், சளி, வறட்டு இருமலை உண்டாக்கும். 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்தவை மூச்சுக்குழல்களுக்குள் இறங்கும். 4 மைக்ரானுக்கும் குறைந்தவை நுரையீரலின் நுண்ணறைகள் வரை செல்லக்கூடியவை. ஆகவே, கண்ணை உறுத்தும் தூசியைவிடக் கண்ணுக்குத் தெரியாத தூசியைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம்.

ஜனவரி 20, திங்கள்

நுரையீரலில் தழும்பு ஏற்படுத்தும் சிலிக்கோசிஸ் வருமா என்று பலரும் அச்சத்தோடு கேட்கிறார்கள். படிகச் சிலிக்காவை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கே பெரும்பாலும் வரும் நோய் அது. 1995-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் எரிமலைக் குவிமாடம் (வாயில் குவிந்து இறுகும் பாறைக்குழம்பு மேடு) வளர்ந்து சரிந்த கரீபியன் தீவான மொன்செராட்டில், படிகச் சிலிக்காவின் ஒரு வகையான கிறிஸ்டோபலைட் மிகுந்த சாம்பலால் அந்தக் கவலை நியாயமாகவே எழுந்தது. சில நாள் சாம்பல் மழையில் முதலில் பாதிக்கப்படுவோர் ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி உள்ளவர்கள். 1980 மே 18 அன்று செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபின், அமெரிக்காவின் யாக்கிமா நகர மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இத்தகைய நோயாளிகள் பன்மடங்கு பெருகினர். இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள், மாத்திரைகளை நிறுத்தாதீர்கள் என்றுதான் கேட்கிற எல்லோரிடமும் முதலில் சொல்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குக் குறைக்கப்பட்டதால், தால் எரிமலை இருக்கும் பத்தாங்காஸ் மாகாணத்தில் பலர் வீடு திரும்புகிறார்கள். இனித்தான் துப்புரவு வேலை. படிந்த சாம்பல் காய்ந்த துடைப்பம் பட்டதும் மீண்டும் காற்றில் ஏறி, பெருக்குகிறவரின் நெஞ்சுக்குள்தான் போகும். லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு அள்ள வேண்டும், கவசமும் கண்ணாடியும் அணிய வேண்டும். கூரையில் மட்டும் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊறிய சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்தே 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாதுபோ எரிமலை வெடித்தபோது பலர் இறந்தார்கள். உதவிக்குச் செல்லும் வகுப்புத் தோழர்களிடம் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆஸ்துமா உள்ள இருவரைக் கூரை வேலைக்கு அனுப்ப வேண்டாம் என்றும் குழுத் தலைவரிடம் கேட்டுக்கொண்டேன்.