ஹெய்சுகேயின் ஹவோரி: நான்காவது வாரம்

கழுத்துப்பட்டி முடிந்தது. இடது கையில் இன்னும் மூன்று முக்கோணங்கள் பாக்கி.

நான் தைத்துக்கொண்டிருப்பது ஷின்செங்குமி (1860-களில் கியோட்டோவில் ஷோகுன் ஆட்சிக்காகக் காவல் காத்த சாமுராய் படை) வீரர்களின் வெளிர்நீல ஹவோரி, அதாவது கிமோனோவின் மேல் போடும் அங்கி. 'ஹாகுவோகி' விளையாட்டின் டோடோ ஹெய்சுகே வேடம் போடுவதற்காக. 2008-ல் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த காதல் விளையாட்டு அது. அப்பாவைத் தேடி ஆண் வேடத்தில் கியோட்டோவுக்கு வரும் சிஸுருதான் நாம். அங்கே சந்திக்கும் ஷின்செங்குமி வீரர்களில் ஹிஜிகாடா, சைதோ என்று பலருக்குப் பலரைப் பிடிக்கும். எனக்கு முதல் நாளிலிருந்து ஹெய்சுகேதான். (இனி கதையின் முடிச்சுகள் வரும். விளையாடாதவர்கள் பார்த்துப் படியுங்கள்.)

வெட்டுவதற்கு ஹவோரி சுலபம். சட்டைக்கு வருவதுபோல அக்குள் வளைவு கிடையாது. எல்லாமே நீளச் செவ்வகங்கள். நான்கு மீட்டர் பாப்ளின் வாங்கினேன். கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று: வெட்டுவதற்கு முன், சாயம் இறங்குவது நிற்கும்வரை துணியைத் தண்ணீரில் அலசிவிடுங்கள். முதல் துணியை அப்படியே தைத்தேன். துவைத்ததும் நீலம் இறங்கி, வெள்ளை முக்கோணங்கள் எல்லாம் மங்கிப்போயின. இரண்டு வார வேலை வீண். அன்று ரொம்ப வருத்தமாக இருந்தது.

கையின் ஓரத்தில் மலைமுகடுபோல ஓடும் அந்த வெள்ளை வரிசைதான் உண்மையான வேலை. முனை கூராக வர வேண்டும். ஓரங்களை முதலில் மடித்தால் முனையில் துணி திரண்டு மொட்டையாகிவிடுகிறது. அதனால் முனையைத்தான் முதலில் உள்ளே மடிக்கிறேன். இஸ்திரி போட்டு, அதிகத் துணியைக் கத்தரித்து, அப்புறம் இரண்டு பக்கத்தையும் மடிக்கிறேன். முனைக்கு வந்ததும் மெஷினை நிறுத்தி, ஊசியைத் துணியிலேயே இறக்கி வைத்து, துணியை அழுத்தும் மெஷின் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்ப வேண்டும். ஒரு முக்கோணத்துக்கு இருபது நிமிடம் ஆகிறது. வலது கையில் ஐந்தாவதில்தான் கை பழகியது.

தைக்கும்போது மனசு ஹெய்சுகேயிடமே போகிறது. அவன் சரித்திரத்தில் நிஜமாகவே வாழ்ந்தவன். 1864-ல் இகேதாயா விடுதியில் நடந்த சண்டையில், புழுக்கம் தாங்காமல் நெற்றிக் கவசத்தைக் கழற்றிய நேரத்தில் வெட்டு விழுந்து, ரத்தம் கண்ணில் இறங்கிப் பார்வை மறைந்துபோனதாகச் சொல்வார்கள். அப்போது அவனுக்கு இருபது வயதுதான். அதே ஆண்டு, தன் வாள்பள்ளி மரபைச் சேர்ந்த மூத்தவரான இடோ காஷிடாரோவை ஷின்செங்குமிக்கு அழைத்து வந்தவனும் அவனே. 1867-ல் இடோ ஷின்செங்குமியிலிருந்து பிரிந்து போனபோது ஹெய்சுகேயும் கூடவே போனான். அந்த ஆண்டு டிசம்பரில், ஷின்செங்குமி கொன்றுபோட்ட இடோவின் உடலை எடுத்துப்போக அபுரானோகோஜி தெருவுக்கு வந்த இடத்தில், பழைய தோழர்கள் விரித்த வலையில் இறந்தான். அந்தத் தோழர்களில் ஒருவரான நாகாகுரா ஷின்பாச்சி அவன் தப்பிக்க வழிவிட்டார், விஷயம் தெரியாத இன்னொருவன் வெட்டிவிட்டான் என்று ஒரு விவரம் உண்டு.

அவனைத் துரோகி என்பவர்களிடம் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. ஒரே வாள்பள்ளி மரபில் வந்த மூத்தவர் இடோ ஒரு பக்கம்; ஒரே பானைச் சோறு தின்ற ஷின்பாச்சியும் சானோவும் (ஹராடா சானோசுகே, இன்னொரு தோழன்) மறுபக்கம். எந்தப் பக்கம் போனாலும் இன்னொரு பக்கம் அறுந்துபோகும். விசுவாசம் இல்லாதவனுக்கு அந்த வலியே வந்திருக்காது. விளையாட்டில் அவன் வேறு கொள்கை பேசி வீராப்புக் காட்டுவதில்லை. தடுமாறுகிறான், போகிறான், திரும்பி வருகிறான். சாகும் காயத்தோடு ஓச்சிமிசு என்ற மருந்தைக் குடித்து, பகல் வெயில் தாங்காத, ரத்தவெறி பிடிக்கும் ராசெட்சு என்ற பிறவியாகிறான். சரித்திரம் கொடுக்காத திரும்புதலை விளையாட்டு அவனுக்குக் கொடுக்கிறது, ஆனால் விலை வாங்கிக்கொண்டு. அந்த இடத்தை மூன்று முறை விளையாடிவிட்டேன். மூன்று முறையும் அழுதேன்.

இந்த நீல அங்கியை ஷின்செங்குமி சுமார் ஓராண்டுதான் பயன்படுத்தியதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் ஹெய்சுகே பிரிந்த சமயத்தில் இது வழக்கத்திலேயே இருந்திருக்காது. அவனும் ஷின்பாச்சியும் சானோவும் தட்டில் இருக்கும் மீனுக்குச் சண்டை போட்டுக்கொண்டு ஒன்றாக இருந்த காலத்து உடை இது. அதனால்தான் பின்னால் அவன் போடும் மேற்கத்திய உடையை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்து மார்பில் கட்டும் வெள்ளைக் கயிறு. கடையில் கிடைத்தது பளபளவென்று இருக்கிறது, பிடிக்கவில்லை. பருத்தி நூலை நான்கு இழையாகப் பின்னிப் பார்க்கப்போகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு சாண் நீளம் போதும் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை பின்னிவிட்டுச் சரியான அளவைச் சொல்கிறேன்.