தேக்கு அறுத்தவர் வீட்டுக் கதவு

பழைய வீடு பிரித்து மரம் விற்கும் தொழிலில் முதலில் பார்ப்பது நீளத்தைத்தான். பன்னிரண்டு அடி உத்திரம் என்றால் ஒரு விலை, ஆறடிக்குக் கீழே போனால் பேச்சே வேறு. தேக்கா வேங்கையா என்பதெல்லாம் அப்புறம். திருநெல்வேலி டவுனிலும் கல்லிடைக்குறிச்சியிலும் பெரிய வீடு பிரிக்கும்போது இந்தக் கணக்கு சரியாக வரும். தூணையும் ஊஞ்சல் பலகையையும் லாரியில் ஏற்றுவதற்குள் குற்றாலத்து ரிசார்ட்காரர்கள் போனில் விலை கேட்டுவிடுவார்கள்.

செங்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன வீட்டைப் பிரிக்கப் போனோம். தலைமுறை தலைமுறையாக மரம் அறுத்தவர்கள் இருந்த வீடு. ஒரு முன்னறை, ஒரு அடுக்களை, மண்சுவர், மேலே ஓடு. மரம் அறுக்கிறவர் வீடு என்றதும் தேக்கு கிடைக்கும் என்று கடையில் எல்லோருக்கும் நினைப்பு. மேலே ஏறிப் பார்த்தால் அத்தனையும் பனங்கை, பனைமரத்தைப் பிளந்து எடுத்த சட்டம்.

யோசித்தால் வேறு எப்படி இருக்கும்? 1956 நவம்பர் வரை செங்கோட்டை தமிழ்நாட்டில் இல்லை, மலைக்கு மேற்கே திருவிதாங்கூர் பக்கத்து ஆட்சியில் இருந்தது. ஆரியங்காவு கணவாய் பக்கத்திலேயே. 1904-ல் கொல்லத்திலிருந்து ரயிலும் வந்தது. மலை மரம் இறங்க வழி இருந்தது. மில் வருவதற்கு முன்னால் எல்லாம் கையறுப்பு. வெட்டிய மரத்தடியைக் குழிக்கு மேலே ஏற்றி வைத்து, ஒருவர் மேலே நின்றும் இன்னொருவர் குழிக்குள் நின்றும் ரம்பத்தை இழுப்பார்கள். கீழே நிற்கிறவர் கண்ணில்தான் தூள் அத்தனையும். தடியோ சர்க்கார் முத்திரைச் சுத்தியல் அடித்து வந்தது, இல்லையென்றால் வியாபாரியுடையது. அறுத்தவருக்கு உரியது கூலி மட்டும்.

வீட்டுக்கார ஆச்சி இதை ஒரே வரியில் சொன்னார்: “எங்க மாமனாரு அறுத்தது பூராத் தேக்கு, வீட்டுக்கு வந்தது தூளுதான் தம்பி.”

அந்தத் தூளில்தான் அடுப்பு எரிந்திருக்கிறது. பழைய டின் ஒன்றின் நடுவில் உருட்டுக்கட்டையை நிறுத்தி, அடிப்பக்க ஓட்டையில் இன்னொரு கட்டையைச் சொருகி, சுற்றிலும் தூளைக் கொட்டி இடித்து இறுக்குவார்கள். கட்டைகளை உருவினால் காற்றுக்கு வழி. ஒருதரம் மூட்டினால் சோறும் குழம்பும் ஆகி, மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் வெந்துவிடுமாம். அந்தப் புகை ஏறி ஏறி அடுக்களைப் பனங்கை கறுத்துக் கிடந்தது. ஒரு பூச்சி இறங்கவில்லை. பனைக்கு நடுவில் இருக்கும் சோற்றுப் பகுதி மெத்து, வைரம் முழுக்க வெளிப்பக்கம். நன்றாக முற்றிய பனை என்றால் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.

வீட்டின் வயதை ஓடு சொன்னது. திருப்பிப் பார்த்தால் அடியில் காமன்வெல்த் கம்பெனி முத்திரை. 1860-களில் மங்களூரில் பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து கிறிஸ்தவ மிஷன்காரர்கள் ஆரம்பித்த ஓட்டுத் தொழில் முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தக் கம்பெனி கைக்குப் போனது. ஆக, ஓடு அதற்கு முந்தியது இல்லை. சுவர் முந்தியதாக இருக்கலாம், முதலில் ஓலை வேய்ந்திருப்பார்கள்.

அடுக்களைக் கதவுதான் என்னை நிறுத்திவைத்தது. முழுப்பலகை ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஓரத்தில் கழிந்த துண்டுகள். ஈரத்துணியால் துடைத்தேன், ஒரு பலகையில் மட்டும் துணி மஞ்சளானது. வேங்கை. பக்கத்தில் எண்ணெய்ப் பசையோடு தேக்குத் துண்டு, அதற்கடுத்து ஆஞ்சிலி. வேறு வேறு மரம் வெயிலுக்கும் மழைக்கும் வேறு வேறு மாதிரி விரியும், சுருங்கும். அதைத் தெரிந்தே பலகைகளை ஒட்டாமல், ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் அசையும்படி விட்டிருந்தார்கள். அத்தனை வருஷம் கழித்தும் ஒரு விரிசல் கிடையாது. பெரிய வீட்டுக் கதவு செய்த ஆசாரிக்கு நல்ல மரம் கொடுத்திருப்பார்கள். இதைச் செய்தவருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. என் கண்ணுக்கு இதுதான் பெரிய வேலைப்பாடு.

மரக் கம்பெனிகளின் கதையைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும். பர்மாவில் தேக்கு வெட்டிய பாம்பே பர்மா கம்பெனிதான் 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 8,373 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து, மாஞ்சோலையில் தேயிலை போட்டது. ஏக்கரும் வருஷமும் எழுத்தில் இருக்கின்றன. அங்கே தொழிலாளர்களின் லயன் வீடுகளில் தலைமுறையாக இருந்தவர்கள் என்ன அடுப்பு வைத்தார்கள், கதவை எதில் செய்தார்கள் என்று யார் எழுதி வைத்தார்கள்?

காட்டில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தி 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தபின் காட்டு மரம் அருகிப்போய், மில்களில் நிறையத் தடி தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கியதுதான். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அறிவித்தார்கள். அதனால் பழைய பனங்கைக்கு இன்றைக்கு நல்ல கிராக்கி. அந்த வீட்டுப் பனங்கையும் சீக்கிரமே விலை போனது.

கதவை முதலாளி விறகுக் கணக்கில் போடச் சொன்னார். அவர் சொன்னதும் தப்பில்லை, கன அடிக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. ஆச்சி தரவில்லை. மகன் கட்டும் புது வீட்டில் அதற்கு இடமும் இல்லை, ஆட்டுக் கொட்டிலுக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டார். கொட்டில் நிலைக்குக் கதவு கொஞ்சம் உயரம் கூடுதல்.

“அடியில அறுத்துவிடட்டுமா ஆச்சி?” என்று கேட்டேன்.

“அறுக்காண்டாம். நிலையத் தூக்கி வச்சிக்கிடுதோம்” என்றார்.