செயின்ட் பால்ஸில் 528 படிகள்

லண்டனுக்குக் குடிவந்து வேலை, வாடகை வீடு, பிள்ளைக்குப் பள்ளி என்று எல்லாம் ஓரளவு அமைந்த பிறகு, ஊர் சுற்றக் கிடைப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். செயின்ட் பால்ஸ் பேராலயத்துக்கு அந்தக் கிழமை மட்டும் ஒத்துவராது. ஞாயிறன்று அங்கே வழிபாடு மட்டுமே. சுற்றிப்பார்க்க டிக்கெட் கிடையாது, குவிமாடத்துக்கும் ஏற விடமாட்டார்கள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிப்போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் இதனால்தான் திரும்புகிறார்கள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கே போய்விடுங்கள். டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுத்துவைத்தால் நிம்மதி. சென்ட்ரல் லைனில் செயின்ட் பால்ஸ் ஸ்டேஷனில் இறங்கினால் சில நிமிட நடை. வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். சூட்கேஸோடு போனால் உள்ளே விடுவதில்லை; வைத்துவிட்டுப் போக இடமும் இல்லை.

உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கும் குவிமாடமும் தேம்ஸ் கரையிலிருந்து தெரியும் குவிமாடமும் ஒன்றல்ல. இதைத் தெரிந்துகொண்டு ஏறினால் ஒவ்வொரு படியிலும் பார்க்க ஏதாவது இருக்கும். பழைய ஆலயம் 1666 பெருந்தீயில் அழிந்தது. 1675இல் புதியதைக் கட்டத் தொடங்கிய கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னுக்கு, நகரம் முழுக்கத் தெரியும் உயரம் வேண்டியிருந்தது. அதே உயரத்தை உள்ளேயும் வைத்திருந்தால், கீழே நிற்பவருக்கு இருண்ட கிணற்றைத் தலைகீழாகப் பார்ப்பதுபோல் இருந்திருக்கும். அதனால் மூன்று அடுக்காகக் கட்டினார். உள்ளே தாழ்வான செங்கல் குவிமாடம். புனித பவுலின் வாழ்க்கையை ஓவியர் ஜேம்ஸ் தார்ன்ஹில் வரைந்திருப்பது இதில்தான். வெளியே, மரச்சட்டத்தின்மேல் ஈயத்தகடு போர்த்திய குவிமாடம். இரண்டுக்கும் நடுவே, தரையிலிருந்தோ தெருவிலிருந்தோ கண்ணில் படாத ஒரு செங்கல் கூம்பு. உச்சியில் சிலுவையோடு நிற்கும் சுமார் 850 டன் கல்மாடத்தைத் தாங்குவது, ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் கனமே உள்ள இந்தக் கூம்புதான். பாரத்தில் அதன் அடி வெளியே பிதுங்காதபடி இரும்புச் சங்கிலியால் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். 1708இல் உச்சிக்கல்லை வைத்தது ரென்னின் மகன்.

மேலே போக லிஃப்ட் கிடையாது. குவிமாடத்தின் உட்புறத்தைச் சுற்றி ஓடும் நடைமாடமான விஸ்பரிங் கேலரி மட்டம்வரை 257 படிகள். அகலமானவை, உயரம் குறைந்தவை, நிதானமாக ஏறினால் வயதானவர்களுக்கும் முடியும். அடுத்து வெளிப்புற நடைமாடமான ஸ்டோன் கேலரிக்கு 119, இவை குறுகல். கடைசியாக, குவிமாட உச்சியிலுள்ள கோல்டன் கேலரிக்கு 152. இந்தப் பகுதி இரும்புச் சுழல்படி. கூம்புக்கும் வெளிக் குவிமாடத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குள் போகிறது. கையெட்டும் தூரத்தில் ரென்னின் செங்கல். படிகளின் இடைவெளி வழியே கீழே தெரிவதால், உயரத்தைக் கண்டால் தலைசுற்றுகிறவர்கள் ஸ்டோன் கேலரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 53 மீட்டரிலேயே நகரம் நன்றாகத் தெரியும். கோல்டன் கேலரி 85 மீட்டர். இடம் மிகக் குறைவு, கூட்டம் இருந்தால் நின்று பார்க்க விடாது. காலையில் முதலில் மேலே ஏறிவிட்டுப் பிறகு கீழ்த்தளத்தைப் பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். அன்று எந்தெந்த கேலரி திறந்திருக்கிறது என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலவறையில் கடற்படைத் தளபதி நெல்சன், படைத்தளபதி வெலிங்டன், ரென் மூவரின் கல்லறைகளும் இருக்கின்றன. ரென்னுடையது ஒரு மூலையில், வெறும் கற்பலகை. கூட்டம் நெல்சனைச் சுற்றித்தான் நிற்கும். ரென்னைத் தேடிப் போங்கள். திருச்சிக்காரர்கள் பிஷப் ஹீபர் சிலை எங்கே என்று ஊழியர்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டு வரவேண்டும். கல்கத்தா பிஷப்பாக இருந்த ரெஜினால்டு ஹீபர் 1826இல் திருச்சியில் இறந்தார். பிஷப் ஹீபர் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. மண்டியிட்ட நிலையில் சிலையை வடித்தவர் ஃபிரான்சிஸ் சான்ட்ரி.

குடும்பத்தோடு போனால் டிக்கெட் செலவு கையைக் கடிக்கும். கட்டணமில்லாமல் உள்ளே உட்கார ஒரு வழி ஈவன்சாங் எனும் மாலை வழிபாடு. வாரநாட்களில் பெரும்பாலும் 5 மணிக்கு, ஞாயிறன்று 3 மணிக்கு. நேரம் மாறுவதுண்டு, கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த மதத்தவரும் போகலாம். முக்கால் மணி நேரம், பாடகர் குழுவின் பாட்டுதான் பெரும்பகுதி. அரைமணி முன்னதாகப் போனால் குவிமாடத்துக்கு நேர்கீழே இடம் கிடைக்கும். பாட்டு முடிந்தபிறகும் எதிரொலி சில நொடி நீடிப்பதை அங்கிருந்துதான் நன்றாகக் கேட்கலாம். மற்றவர்கள் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். போனை அணைத்துவிடுங்கள், வழிபாட்டின்போது படம் எடுக்கக்கூடாது.

படியேற முடியாதவர்களுக்குக் கிழக்கே எதிர்ப்புறத்திலுள்ள ஒன் நியூ சேஞ்ச் கட்டடத்தின் மொட்டைமாடி இருக்கிறது. லிஃப்டிலேயே போகலாம், காசு கிடையாது, ஈயத்தகடு போர்த்திய குவிமாடம் எதிரே முழுதாகத் தெரியும்.