தட்டறுப்பு முடிந்தது

பத்து நாளாக எதுவும் எழுதவில்லை, காட்டில் சோளத்தட்டு அறுப்பு, அதாவது மாட்டுத் தீவனத்துக்காகச் சோளப்பயிரைத் தண்டோடு அறுப்பது. சோளத்தோகை பட்டால் கழுத்திலும் முழங்கையிலும் ஒரு அரிப்பு வரும் பாருங்கள், இரண்டு முறை வெந்நீரில் குளித்தாலும் போகாது. இதை அடிக்கும்போதுகூட ஒரு கையால் சொறிந்துகொண்டுதான் இருக்கிறேன்.

எங்களுடையது வெள்ளகோவில் பக்கம் ஒன்றரை ஏக்கர் மானாவாரிக் காடு. இரண்டு பசு, ஒரு எருமை. இங்கே நெல் கிடையாது, வைக்கோல் வேண்டுமென்றால் வெளியூரிலிருந்து லாரியில் வர வேண்டும், அதுவும் சித்திரையில் விலை கேட்டால் நம் கை பாக்கெட்டுக்குள் போகாது. அதனால் கோடைக்கு மாடு தின்பது புரட்டாசியில் விதைக்கிற சோளம்தான். தானியத்துக்கு விதைப்பதுபோல இடைவெளி விடாமல், தீவனத்துக்கென்றே நெருக்கி விதைப்போம், இந்த முறை ஏக்கருக்கு 25 கிலோ போட்டேன். நெருக்கினால் தட்டு விரல் தடிமனுக்கு மேல் போகாது, சீக்கிரம் காயும், மாடும் அடித்தட்டை ஒதுக்காமல் தின்னும். பூட்டை, அதுதான் கதிர், வந்து பால் பிடிக்கிற சமயம் அறுக்க வேண்டும். தானியம் முற்றட்டும் என்று ஆசைப்பட்டால் சத்தெல்லாம் மணிக்குப் போய், நமக்கு மிஞ்சுவது விறகு.

போன வருடம் ஆள் கிடைக்கவில்லை என்று தோளில் மாட்டுகிற புல்வெட்டும் மெஷினை வாடகைக்கு எடுத்தேன். வேகமாகத்தான் வெட்டியது, சரி. ஆனால் தட்டு நாலு திசைக்கும் விழுந்து பின்னிக்கொண்டது, அதைப் பொறுக்கி ஒழுங்கு பண்ணவே தனியாக மூன்று பேர் வேண்டியிருந்தது. இந்த வருடம் பேசாமல் கருக்கருவாளுக்கே திரும்பிவிட்டேன். இடது கையில் ஒரு பிடி சேர்த்து, மண்ணை ஒட்டி ஒரு இழு. மூன்று நாலு பிடி சேர்ந்தால் ஒரு அரி. எல்லா அரியும் பூட்டை ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி வரிசையாகப் படுத்திருக்கும். வேலைக்கு வந்த அக்கா ஒருவர் நான் போட்ட அரியைப் பார்த்துவிட்டு, "என்னுங்க தம்பி, கோழி கிளறுன மாதிரி இருக்குது" என்றார். உண்மைதான்.

அறுப்பது பெரிய வேலை என்று நினைப்போம், காய வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பச்சைத்தட்டில் முக்கால்வாசி தண்ணீர். ஆயிரம் கிலோ அறுத்தால், காய்ந்து போராக அடுக்கும்போது முந்நூறு கிலோகூடத் தேறாது. ஈரம் நூற்றுக்குப் பதினைந்துக்குக் கீழே இறங்கினால் ஒரு வருடம் கெடாது, இருபதுக்கு மேல் நின்றால் பூஞ்சணம் நிச்சயம். அறுத்த பிறகும் செடி கொஞ்ச நேரத்துக்கு உயிரோடுதான் இருக்கிறது, மூச்சு விட்டுத் தன்னுள் இருக்கும் சர்க்கரையைத் தானே தின்றுகொண்டிருக்கும், அதனால் முதல் இரண்டு நாள் நல்ல வெயில் கிடைத்தால் அதுவே பாதி லாபம்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, 2021 ஜனவரி சொல்லிக்கொடுத்தது. நினைவிருக்கும், தை பிறக்கிற நேரத்தில் வழக்கமே இல்லாமல் மழை கொட்டியது. நான் அறுத்துப் போட்டு நாலாவது நாள். தட்டு கறுத்துப்போனது, அடுத்த மழைக்குள் எடுத்துவிடலாம் என்று பயந்து, மேலே காய்ந்திருந்ததை நம்பி, அள்ளிக் கட்டிப் போர் போட்டுவிட்டேன். ஐந்தாறு நாள் கழித்துக் கையை உள்ளே விட்டால் சோற்றுப் பானைக்குள் விட்ட மாதிரி சுட்டது. அப்படியே விட்டிருந்தால் தானாகவே தீப்பிடித்திருக்கவும் கூடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. பிரித்தால் வெள்ளை வெள்ளையாகத் தூசி கிளம்புகிறது, மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாதிக்கு மேல் குப்பைக்குழிக்குப் போனது.

ஏமாற்றுவது கணு. தோகை மூன்று நாளில் சலசலவென்று ஆகிவிடும், தட்டும் வெளுத்துவிடும், கணுவுக்குள் மட்டும் ஈரம் ஒளிந்திருக்கும். நான் இப்போது அரியின் அடியிலிருந்து ஒரு தட்டை உருவி, கணு இருக்கும் இடத்தில் ஒடித்துப் பார்க்கிறேன். பட்டென்று உடைந்தால் சரி. நாராக மடங்கினாலோ, நகத்தால் கீறினால் பிசுபிசுத்தாலோ, இன்னும் இரண்டு நாள். இந்த முறை எட்டு நாள் ஆனது, நடுவில் ஒரு தடவை புரட்டிப் போட்டேன்.

இதற்கு நேர் எதிரான தப்பு ஒன்று இருக்கிறது, நன்றாகக் காய்ந்ததை நடுவெயிலில் தொடுவது. தோகை அப்பளம் மாதிரி நொறுங்கிக் கொட்டிவிடும், கையில் வெறும் குச்சி நிற்கும். சத்து இருப்பது தோகையில். அம்மாயி வருடா வருடம் சொல்வது இதுதான்: "பனி இருக்கறப்பவே கட்டிப் போடு கண்ணு, வெயிலு வந்தா தோகையெல்லாம் மண்ணுக்குத்தான்." மார்கழிப் பனியில் நாலரை மணிக்கு எழுந்து காதில் துண்டைக் கட்டிக்கொண்டு போனோம். அந்த நேரத்தில் தோகை துணி மாதிரி துவண்டு கிடக்கும், எப்படி இறுக்கினாலும் உடையாது. ஏழரைக்கு வெயில் ஏறியதும் நிறுத்திவிட்டு, கட்டுகளைச் சாய்த்து நிறுத்தி, மேலே பட்ட பனி காய்ந்த பிறகு மத்தியானம் போருக்கு ஏற்றினோம். முன்பெல்லாம் கற்றாழை நாரில் கட்டுவார்கள். இப்போது எல்லாம் பிளாஸ்டிக் கயிறு. மாடு தின்றால் வயிற்றில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு கட்டு பிரிக்கும்போதும் கயிற்றை எண்ணி ஆணியில் மாட்டுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

அறுத்த காட்டில் மாட்டை உடனே அவிழ்த்துவிடாதீர்கள். சோளக்கட்டையிலிருந்து கிளம்புகிற இளந்துளிரில் சயனைடு விஷம் அதிகம், மழை இல்லாமல் வாடிய பயிரில் இன்னும் அதிகம். தின்ற கொஞ்ச நேரத்தில் மாடு வாயில் நுரை தள்ளி விழுந்துவிடும், ஊசி போட டாக்டர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிடும். காய்ந்த தட்டில் அந்த அளவுக்குப் பயமில்லை, காயக் காய விஷம் குறைந்துவிடுகிறது.

மொத்தம் 412 கட்டு. கரையானுக்குப் பயந்து அடியில் கல் அடுக்கி, மேலே வேலிக்காத்தான் முள்ளும் தென்னை மட்டையும் பரப்பி, அதன்மேல் போர். பூட்டை உள்பக்கம், அடித்தட்டு வெளிப்பக்கம். தார்ப்பாய் போடவில்லை, அது அடியில் வேர்த்துச் சொட்டும். கூரை மாதிரி உச்சியைக் குவித்துக் கீற்று மூடினால் போதும். கீற்று நாளைக்குத்தான் வருகிறது. எருமை இப்போதே கயிற்றை இழுத்து நீட்டி ஓரத்தில் ஒரு கட்டைப் பிரித்துவிட்டது, கணக்கில் 411 என்று திருத்திக்கொள்ள வேண்டும்.