இரண்டாவது பிள்ளைக்கு முன் எட்டு மாதங்கள்

மூத்தவனுக்கு இரண்டு வயது தாண்டியும் ஐந்தாறு சொற்களுக்கு மேல் வரவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப்போய்க்கொண்டிருந்த நாள்களில் உறவினர் ஒருவர் சாப்பாட்டு மேசையிலேயே சொன்னார்: "இவன் வயித்துல இருந்தப்பவே நீ உடம்பக் குறைச்சிருக்கணும்." பிசைந்த சோற்றை வாயில் வைக்க முடியவில்லை.

அடுத்த குழந்தைக்கு நினைத்தபோது ஈசூனில் பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 74 கிலோ, பிஎம்ஐ எனும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு 29.6. சிங்கப்பூரில் 23ஐத் தொட்டாலே கவனம் தேவை, 27.5 என்றால் அதிக ஆபத்து என்றே கணக்கிடுகிறார்கள். எனக்கோ கேட்க ஒரு கேள்விதான் இருந்தது. "என் பிள்ளை பேசாததுக்கு நான்தான் காரணமா டாக்டர்?"

தமிழ்ப் பெண்மணி அவர். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். கர்ப்பத்துக்கு முன் தாய்க்கு இருந்த எடைக்கும் பிள்ளையின் அறிவு வளர்ச்சி, கவனம், நடத்தைக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அது ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்துச் சொல்வது. ஒரு பிள்ளையைக் காட்டி இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. மரபும் குடும்பச் சூழலும் கூடவே வருகின்றன. சுவீடனில் ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, கவனக்குறைவுக் கோளாறுக்கும் தாயின் எடைக்கும் தெரிந்த தொடர்பு மறைந்துபோனதாம். கர்ப்பமாக இருக்கும்போது எடை குறைக்க முயலவே கூடாது என்றும் அழுத்திச் சொன்னார். அந்த ஒரு சொல்லில் என் நெஞ்சுப் பாரம் பாதி இறங்கியது.

"அப்ப ஏன் முன்னாடியே குறைக்கணும்?" என்று கேட்டேன். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்து நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். பலருக்கு அதற்குள் கர்ப்பம் என்றே தெரியாது. ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினையும் அதனால்தான் முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறார்கள். எடை கூடினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. தாயின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். இங்கே 2009இல் தொடங்கிய கஸ்டோ ஆய்வு தாய்மார்களைக் கர்ப்பத்திலிருந்தும், 2015இல் தொடங்கிய எஸ்-பிரெஸ்டோ கருத்தரிக்கும் முன்பிருந்தும் பின்தொடர்கின்றன என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஏழு கிலோ குறைக்க எட்டு மாதம் ஆனது. நாளுக்கு மூன்று தே தாரிக் (இனிப்புப் பால் தேநீர்) குடித்தவள் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறினேன். முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. அரிசி டப்பாவில் கிடக்கும் பிளாஸ்டிக் கப்தான் என் அளவுகோல்: குவித்து அள்ளியதைத் தலைதட்டி அள்ளினேன். "பிள்ளை பெத்துக்கப்போறவ பட்டினி கிடக்கலாமா?" என்று அத்தை வருந்தினார். பட்டினி இல்லை அத்தை, சோறு குறைந்த இடத்தில் காய் என்று தட்டைக் காட்டினேன். மறுவாரம் தேக்கா சந்தையிலிருந்து அவரே இரண்டு கட்டுப் பயற்றங்காய் வாங்கி வந்தார். ஐந்தாம் மாதம் எடை 69இலேயே நின்று அழவைத்தது. மழை நாள்களில் கணவரும் நானும் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலேயே சுற்றிச் சுற்றி நடந்தோம்.

67க்கு வந்தபின் கருத்தரித்தேன். 26ஆம் வாரம் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்துவிட்டு மூன்று முறை ரத்தம் கொடுத்தேன். முதல் கர்ப்பத்தில் சர்க்கரை ஏறிய பரிசோதனை அது. தாதி தொலைபேசியில் அழைத்தபோது பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை லிட்டருக்கு 4.7 மில்லிமோல்; 5.1ஐத் தொடக்கூடாது, தொடவில்லை. மற்ற இரண்டும் சரி. கத்தியை வைத்துவிட்டு முதலில் அத்தையைத்தான் கூப்பிட்டேன்.