17ஆம் பக்கத்து முத்திரை

இம்முறை எங்கள் பழைய மாணவர் சங்க மலரில் பாடசாலையின் ஆரம்பப் பிரிவைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, இல்ல விளையாட்டுப் போட்டியைப் பற்றியும் பரிசளிப்பு விழாக்களைப் பற்றியும் எழுதுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதால், மூன்றாம் ஆண்டு வரையில் வாசிக்கத் தெரியாமலே நான் நல்ல பிள்ளையாக வகுப்பேறி வந்த கதையையும், அது பிடிபட்ட விதத்தையும் எழுதுவதாக ஒப்புக்கொண்டேன்.

நான் முதலாம் ஆண்டில் சேர்ந்தது 1990 தையில். அந்த ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் யுத்தம் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெயும் கடதாசியும் கிடைத்தற்கரிய பொருள்களாயின. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்ததை அக்காலத்தில் அங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரவில் படிப்பதற்கு, ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, மெல்லிய நூற்றிரி கொளுத்திய விளக்கு ஒன்று வீட்டுக்கு இருந்தால் அதுவே பெரிது. இலவசப் பாடநூல் திட்டம் 1980இலேயே வந்துவிட்டதாயினும், எங்கள் வகுப்பில் மூன்று பேருக்கு ஒரு புத்தகம் என்பதே நடைமுறையாக இருந்தது. மூவரில் நடுவில் இருப்பவனுக்கே எழுத்து நேராகத் தெரியும். நான் எப்போதும் வலப்பக்கத்தில் இருந்தவன்.

ஓரத்திலிருந்து சரிவாகப் பார்ப்பவனுக்குக் காதுதான் துணை. மற்றவர்கள் வாசிப்பதை இரண்டு முறை கேட்டால் பக்கம் முழுவதும் எனக்குப் பாடமாகிவிடும். படத்தைப் பார்த்தவுடன் அந்தப் பக்கத்துக்குரிய வசனங்களை ஏற்ற இறக்கத்தோடு ஒப்புவிப்பேன். விரலையும் வரியின் கீழ் நகர்த்திக்கொண்டு போவேன். முதலிரண்டு ஆண்டுகளும் ஆசிரியர்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை. நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் விமானச் சத்தத்தையும் ஒருங்கே கவனிக்க வேண்டியிருந்த அவர்களை இன்று குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் ஆண்டு வகுப்பாசிரியையை நாங்கள் கண்ணாடி ரீச்சர் என்று அழைத்தோம். அவர் வந்த முதல் வாரத்தில் ஒருநாள் என்னை எழுப்பி வாசிக்கச் சொல்லி, நான் பாதி வழியில் போய்க்கொண்டிருக்கையில், என் விரலை மெதுவாகப் பிடித்து வேறொரு வரியின் நடுவில் வைத்தார். “தம்பி, இந்தச் சொல் என்ன?” எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மனதுக்குள் முதல் வரியிலிருந்து ஓடி வந்து அந்த இடத்தைப் பிடித்துவிடலாம் என்று முயன்றேன். ஆனால் எத்தனையாவது சொல்லில் நிற்க வேண்டும் என்பது தெரிய வேண்டுமே! அந்தச் சொல் ‘தோணி’. நான் ‘தேங்காய்’ என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவுமில்லை, அடிக்கவுமில்லை. “பின்னேரம் நில்” என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரம் அவர் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அதே பக்கத்து வசனங்களைப் பெரிய எழுத்தில் எழுதி, கத்தரிக்கோலால் சொல் சொல்லாக வெட்டி, சீமெந்து நிலத்தில் பரப்பினார். நான் ஏமாற்றுவதற்குத் துணையாயிருந்த படமும் வரிசையும் இப்போது இல்லை. ‘தோணி’யை எடுத்து, அதன் முதலெழுத்தை மூன்றாக வெட்டினார்: முன்னால் இரட்டைக் கொம்பு, நடுவில் த, பின்னால் அரவு, அதாவது துணைக்கால். கொம்பு முன்னே நின்றாலும் அதன் ஓசை பின்னேதான் வரும் என்றும், கடைசியில் நிற்கும் அரவைப் பார்க்காமல் வாயைத் திறந்தால் ‘தோ’ ‘தே’ ஆகிவிடும் என்றும் சொல்லி, அந்த மூன்று துண்டுகளையும் என் கையில் தந்து திரும்பத் திரும்பப் பொருத்தவைத்தார். தமிழில் 247 எழுத்து என்று பாட்டாக ஒப்புவிக்கத் தெரிந்த எனக்கு, அவற்றில் 216 உயிர்மெய்களும் சில துண்டுகளைப் பொருத்தி எடுக்கப்படுபவை என்பது அன்றுதான் புலப்பட்டது. அதற்குப் பிறகு மூன்று கிழமைகள் போதுமாயிருந்தன. ட, ப, ம என்று எளிய வடிவங்களில் தொடங்கி, படம், மடம், பட்டம் என்று சொற்களை நானே கட்டினேன்.

எழுத்துக் கூட்டத் தெரிவது வேறு, வாசிப்பது வேறு என்பதில் அவர் மிகவும் உறுதியாக இருந்தார். அதற்கு அவர் கையாண்ட முறை நம் ஊர்க் கோயில்களிலிருந்து வந்தது. கந்தபுராணப் படிப்பு நடக்கும்போது ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன், அதாவது பொருள், சொல்வதை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதேபோல அவர் எங்களை இருவர் இருவராக இருத்தி, ஒருவன் ஒரு வசனத்தை வாசித்தவுடன் மற்றவன் அதை வீட்டில் பேசுகிற தமிழில் சொல்ல வேண்டும் என்று விதித்தார். பயன் சொல்பவனுக்குப் புத்தகம் கிடையாது. வாசிப்பவன் தெளிவாக வாசிக்காவிட்டால் அவன் பேசாமல் இருப்பான். இந்த ஏற்பாட்டில் மனப்பாடக்காரன் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது என்பதை என் அநுபவத்தால் சொல்கிறேன். புத்தகப் பற்றாக்குறையையே ஒரு பயிற்சியாக மாற்றிக்கொண்டார் என்பது எனக்கு வெகுகாலத்துக்குப் பிறகே விளங்கிற்று. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிப் பிள்ளைகளுக்கென்றே பாலபாடங்களை எழுதி அச்சிட்ட மண்ணில், அச்சுப் புத்தகம் இல்லாமல் வாசிப்புக் கற்பிக்க வேண்டிய காலம் வந்ததை ரீச்சர் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

இனி ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பின் மூலையில் பலகைத் தேயிலைப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் 43 புத்தகங்கள். எண்ணிக்கை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் எண்ணி வைப்பது என் பொறுப்பு. பழைய அம்புலிமாமாக்கள், யாரோ வீட்டுப் பரணில் கிடந்த கதைப் புத்தகங்கள், எலி அரித்த புராண வசனங்கள். மட்டை கழன்றவற்றை ரீச்சர் சாக்கு ஊசியால் தைத்து, சீமெந்துப் பைக் கடதாசியால் உறை போட்டு, கோதுமை மாப் பசையால் ஒட்டியிருந்தார். சிலவற்றில் ‘னை’, ‘லை’ முதலியவை யானைத் துதிக்கை வைத்த பழைய வடிவில் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றைக் கண்டு நாங்கள் மலைத்தபோது, துதிக்கையைக் கண்டால் ‘ஐ’ என்று சொல்லிவிடுங்கள் என்றார், அவ்வளவுதான். யாரும் அதில் தடுக்கி விழவில்லை.

அந்தப் பெட்டியில் எல்லோரும் போட்டி போட்ட புத்தகம், முகப்பும் இல்லாத முடிவும் இல்லாத ஒரு சிறுவர் கதை. குயவர் வீட்டுச் சிறுமி ஒருத்தி தொலைந்துபோன கழுதையைத் தேடிச் சந்தை சந்தையாக அலைகிறாள். 28ஆம் பக்கத்தில் பூட்டிய கதவு ஒன்றின் பின்னால் அதன் குரல் கேட்கிறது. அவள் கதவில் கை வைக்கிறாள். அத்தோடு புத்தகம் முடிந்தது. மிச்சத் தாள்கள் இல்லை. எழுதியவர் பெயரும் தெரியாது. 29ஆம் பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் ஒரு பந்தி எழுதி வர வேண்டும் என்று ரீச்சர் சொன்னார். கொப்பி மிச்சம் பிடிக்க வேண்டிய அந்த நாளில் நான் மூன்று பக்கம் எழுதி வீட்டில் ஏச்சு வாங்கினேன். என் கதையில் கதவைத் திறப்பது கழுதைதான். ஒரு தோழி, கழுதை திரும்பி வர விரும்பவில்லை என்று எழுதியிருந்தாள்; அதைக் கேட்டு வகுப்பே கோபித்துக்கொண்டது.

அந்தப் புத்தகத்தின் 17ஆம் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு முத்திரை இருந்தது: யாழ்ப்பாணம் பொது நூலகம். நூலகங்கள் முகப்பில் மட்டுமன்றி உள்ளே ஒரு குறித்த பக்கத்திலும் முத்திரை குத்தும் வழக்கத்தால் அது தப்பியிருந்தது. அது என்ன என்று நான் கேட்டபோதுதான், 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான செய்தியை ரீச்சர் எனக்குச் சொன்னார். அவருடைய தம்பி அதற்கு முந்திய கிழமைதான் அந்தப் புத்தகத்தைச் சிறுவர் பகுதியில் இரவல் எடுத்திருந்தாராம். “திருப்பிக் குடுக்கப் போனால் குடுக்க இடமில்லை, தம்பி” என்றார். அவர் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரவலில் வெளியே இருந்ததால் பிழைத்த ஒரு புத்தகத்தை அவர் மறுபடியும் இரவல் கொடுத்துக்கொண்டே இருந்தார் என்பதுதான் இன்றைக்கும் என்னை யோசிக்க வைக்கிறது. அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கலாம்.

1995 ஒக்ரோபர் 30 அன்று எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, கிழக்கே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது பெட்டி வகுப்பறையிலேயே இருந்தது. மறு ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது கட்டடம் இருந்தது, பெட்டி இல்லை.

இப்போது நான் வசிக்கும் கனடாவின் ஸ்காபுறோவில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புகளுக்குக் குறைவில்லை. ரொறன்ரோ பொது நூலகக் கிளைகள் பலவற்றில் தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. ஆயினும் பேச்சுப் போட்டி மேடைகளில், ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்த தமிழை எங்கள் பிள்ளைகள் ஏற்ற இறக்கத்தோடு ஒப்புவித்துக் கேடயம் வாங்கும்போது, வலப்பக்கத்தில் இருந்த அந்தப் பையனே எனக்குத் தெரிகிறான். என் மகள் ‘மகன்’ என்பதை ‘மக்கன்’ என்று வாசித்தாள். கப்பல், தங்கம், முகம் மூன்றிலும் ஒரே ‘க’ மூன்று விதமாக ஒலிப்பது ஊரில் வளர்ந்த எங்களுக்கு ஒரு சிக்கலாகவே இருந்ததில்லை. சொல் முன்பே காதில் இருந்ததால் வாய் தானாகத் திருத்திக்கொண்டது. அவளுக்குக் காதில் அந்தச் சொல் இல்லை. ஆகவே எழுத்துப் பயிற்சியை ஒரு மாதம் தள்ளி வைத்து இரவில் கதை வாசித்துக் காட்டத் தொடங்கினேன். நான் வாசிக்கிறேன், அவள் தனக்குத் தெரிந்த தமிழில் பயன் சொல்கிறாள். இடையில் ஆங்கிலம் நிறையவே வருகிறது. இப்போதைக்கு நான் தடுப்பதில்லை. கழுதைக் கதையையும் நினைவிலிருந்து சொன்னேன். கதவு வரையில்தான் சொல்ல முடிந்தது.

இம்மலர் நமது பழைய மாணவர் பலர் கைக்குப் போகும் என்பதால் ஒரு வேண்டுகோள். இடப்பெயர்வுக்கு முன்போ பின்போ அந்தப் பெட்டியிலிருந்து யாராவது ஒரு புத்தகத்தை எடுத்துச் சென்று காப்பாற்றியிருக்கக் கூடும். சீமெந்துக் கடதாசி உறை, சாக்கு நூல் தையல், 28ஆம் பக்கத்தோடு முடிவு, 17ஆம் பக்கத்தில் நீல முத்திரை. வைத்திருப்பவர் சங்கத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். யாழ்ப்பாணம் பொது நூலகம் மறுபடியும் திறந்திருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, தாமதக் கட்டணத்தை நான் கட்டி, புத்தகத்தை ஒப்படைத்துவிடுகிறேன்.