காற்று போனால் வால்வு எங்கே நிற்க வேண்டும்?

காற்றழுத்தத்தால் வால்வைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டர் எடுக்கும்போது பலரும் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கம்ப்ரஸர் நின்றுபோனால் இந்த வால்வு திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா? பர்னருக்குப் போகும் கேஸ் லைன் மூடியாக வேண்டும். கூலிங் வாட்டர் திறந்தாக வேண்டும். இரண்டுக்கும் சிங்கிள் ஆக்டிங்தான்: ஒரு பக்கம் காற்று தள்ளும், மறுபக்கம் ஸ்பிரிங் தள்ளும். காற்று போனதும் ஸ்பிரிங் வேலையை முடித்துவிடும். எங்கே நின்றாலும் பாதகமில்லை என்றால், இரண்டு பக்கமும் காற்றே தள்ளும் டபுள் ஆக்டிங் போதும். உருவமும் சிறியது, விலையும் குறைவு.

தவறு நடப்பது பெரும்பாலும் அளவில்தான். ரேக்-பினியன் (பல்சட்டம் பல்சக்கரத்தைச் சுழற்றும் வகை) டபுள் ஆக்டிங்கில் 90 டிகிரி முழுக்க டார்க் (திருப்பு விசை) ஒன்றே. ஸ்பிரிங் அப்படியல்ல, விரிய விரியத் தளரும். பால் வால்வு (உள்ளே துளையிட்ட உருண்டை சுழலும் வால்வு) மூடி முடிக்கும் நேரத்தில்தான் அதற்கு வலு மிகக் குறைவு.

வால்வுக்கு 40 நியூட்டன் மீட்டர் தேவை, 25 சதவீதம் கூட்டி 50 என்று வைப்போம். டபுள் ஆக்டிங்கில் 50 தருவதே போதும். சிங்கிள் ஆக்டிங்கில் ஸ்பிரிங் முடிவில் 50, தொடக்கத்தில் 75 என்றால், 5.5 பார் அழுத்தத்தில் காற்று மட்டும் 130 தரும் ஆக்சுவேட்டர் உடல் வேண்டும். திறக்கத் தொடங்கும்போது 130-ல் 50 போய் 80 மிஞ்சும். முழுதாகத் திறக்கும்போது 75 போய் 55. லைன் 4 பாருக்கு இறங்கினால் 130 என்பது 95 ஆகிவிடும். கடைசியில் மிஞ்சுவது 20தான். வால்வு அசையும், பாதியில் நிற்கும். பழி சோலினாய்டு (ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றை மின்சாரத்தால் திருப்பிவிடும் சிறு வால்வு) மேல் விழும். உடனே யாராவது இரண்டு ஸ்பிரிங்கைக் கழற்றச் சொல்வார்கள். கழற்றினால் நன்றாகத் திறக்கும். காற்று போன அன்று முழுதாக மூடாது. அழுத்தத்தைக் கம்ப்ரஸரில் பார்க்காமல், காற்று நுழையும் ஆக்சுவேட்டர் போர்ட்டில், வால்வு ஓடும்போது பாருங்கள்.

சிங்கிளுக்கு 3/2 சோலினாய்டு (மூன்று வழி, இரண்டு நிலை), டபுளுக்கு 5/2 (ஐந்து வழி, இரண்டு நிலை). ஒற்றைக் காயில் 5/2 போட்டால் டபுள் ஆக்டிங்கும் தானே மூடும் என்று நம்புவது பாதி உண்மை: கரண்ட் போனால் மூடும், காற்று போனால் மூடாது. பெரிய வால்வுகளில் ஸ்பிரிங் கட்டுப்படியாகாதபோது, காற்று திரும்பி ஓடாமல் தடுக்கும் செக் வால்வோடு தனி ஏர் டேங்க் வைத்து, அந்தக் காற்றால் வால்வை நகர்த்துவதுண்டு.

ஸ்பிரிங் அறை ஒவ்வொரு முறை மூடும்போதும் வெளிக்காற்றை உறிஞ்சும். கடலோர ஆலைகளில் உப்பு உள்ளே போய் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். வெளியேறும் காற்றையே அந்த அறைக்குத் திருப்பிவிடும் சோலினாய்டு கிடைக்கிறது. கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும்.

பிரிக்கும்போது முதலில் காற்றை முழுதாக வெளியேற்றுங்கள். பிறகு பக்கவாட்டு மூடியின் போல்ட்களை எதிரெதிராக, சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். நாலைந்து சுற்றுக்குப் பிறகும் மூடி தள்ளிக்கொண்டே இருந்தால், உள்ளே ஸ்பிரிங் பழுதாகியிருக்கலாம் அல்லது பிஸ்டன் முழுதாக மூடவில்லை. மேலே கழற்றாமல் அங்கேயே நிறுத்துங்கள்.